ஒட்டுப்போட்டது யார்? பாய்லர் பழுதுபார்ப்பவருக்கும் ஏன் தரச்சான்று வேண்டும்

1865 ஏப்ரல் மாதம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, தெற்கின் சிறைமுகாம்களிலிருந்து விடுதலையான வடக்குப் படை வீரர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஏற்றிச்செல்ல மிசிசிப்பி ஆற்றின் விக்ஸ்பர்க் துறைக்கு வந்து நின்றது சுல்தானா என்ற நீராவிப் படகு. அதன் நான்கு பாய்லர்களில் ஒன்றில் பிளேட் புடைத்து, மூட்டில் கசிவு கண்டிருந்தது. உள்ளூர் பாய்லர் மெக்கானிக் பார்த்துவிட்டு, பிளேட்டுகளை மாற்ற வேண்டும், பெரிய வேலை என்றார். கேப்டனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வீரர் ஒருவருக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்த கட்டணம், தாமதித்தால் வேறு படகுக்குப் போய்விடும். ஒட்டு ஒன்று போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். பழைய பிளேட்டின் கனம் சுமார் 9 மில்லிமீட்டர். மேலே போட்ட ஒட்டு 6 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். 376 பேர் ஏற வேண்டிய படகில் 2,000 பேருக்கு மேல் ஏற்றினார்கள். ஏப்ரல் 27 அதிகாலை, மெம்ஃபிஸ் நகரைத் தாண்டியதும் பாய்லர்கள் வெடித்தன. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அந்த ஒட்டு மட்டுமே காரணமா என்பதில் இன்றும் வாதம் உண்டு. ஆள் பாரத்தில் படகு இருபக்கமும் சாய்ந்து, பாய்லருக்குள் நீர்மட்டம் ஏறி இறங்கியது என்பார்கள். சேறு கலந்த ஆற்றுநீர், அந்தக் காலத்து இரும்பின் தரம் என்று வேறு காரணங்களும் சொல்வதுண்டு. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதே ஏப்ரலில்தான் சுல்தானாவின் பாய்லர்களைச் சோதித்துச் சான்று கொடுத்திருந்தார்கள். சான்று கொடுத்த நாளில் அது பொய்யில்லை. விக்ஸ்பர்க்கில் ஒட்டு விழுந்த பிறகு அந்தத் தாள் வேறு ஏதோ ஒரு பாய்லரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. மெல்லிய தகடு உள்ளே வந்துவிட்டால் ஓட்டும் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். குறைக்கச் சொல்ல அதிகாரமுள்ள ஒருவர் அந்த வேலையைப் பார்க்கவே இல்லை.

பாதுகாப்பு சார்ந்த கருவிகளின் தரச்சான்று பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தயாரிப்பாளரைப் பற்றியே பேசுகிறோம். எந்தக் கம்பெனி, எந்த முத்திரை, எத்தனை வருட கியாரண்டி. ஒரு பாய்லரோ அழுத்தக் கலனோ 30, 40 ஆண்டு உழைக்கும். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபின் அதை வெட்டுவதும் ஒட்டுவதும் வேறு கைகள். என் கருத்து இதுதான்: பழுது பார்க்கும் பட்டறைக்கு வைக்கும் அளவுகோல், தயாரித்த ஆலைக்கு வைத்ததைவிட ஒரு விரல்கூடத் தாழ்ந்திருக்கக் கூடாது. சொல்லப்போனால் பழுதுபார்ப்பவரின் வேலைதான் கடினமானது. புது பிளேட்டில், கூரைக்குக் கீழே, கிடைமட்டமாக வைத்து வெல்டிங் செய்பவருக்கு இருக்கும் வசதி, 20 வருடம் அரித்துப்போன கலனுக்குள் படுத்துக்கொண்டு வெல்டிங் செய்பவருக்குக் கிடையாது.

அழுத்தம் குறைவுதானே, சின்ன பாய்லர்தானே என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. அரிசி ஆலையிலோ சாய ஆலையிலோ இருக்கும் சாதாரண பாய்லர் 10 கிலோ அழுத்தத்தில், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ என்ற கணக்கில், ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் தண்ணீரின் வெப்பம் சுமார் 184 டிகிரி. அழுத்தம் இருப்பதால்தான் அது இன்னும் தண்ணீராக இருக்கிறது. பாய்லரின் இரும்பு ஓடு பிளந்த கணத்தில் அந்தத் தண்ணீரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீராவியாக மாறிவிடும். தண்ணீர் நீராவியானால் அதன் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். ஆகவே ஆபத்தை அழுத்தமானியின் முள்ளை மட்டும் வைத்து அளக்க முடியாது. உள்ளே எவ்வளவு கொதிநீர் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுல்தானாவுக்கு அடுத்த ஆண்டே, 1866ல், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பாய்லர்களுக்கென்றே ஒரு காப்பீட்டு நிறுவனம் தொடங்கியது. காப்பீடு வேண்டுமென்றால் அவர்களுடைய ஆய்வாளர் வந்து பாய்லரைச் சோதிப்பார். இது நல்ல ஏற்பாடு. பாய்லர் வெடித்தால் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியது ஆய்வாளரை அனுப்பிய நிறுவனமே. எனவே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் யாருக்கு நஷ்டம் என்பதில் சந்தேகம் இல்லை.

சட்டம் அசைய இன்னும் 40 ஆண்டு ஆனது. 1905 மார்ச் 20 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் பழைய பாய்லர் வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது. புது பாய்லரை நிறுத்திவிட்டு, மாற்றுக்கென வைத்திருந்த பழையதை அன்று ஓட்டியிருந்தார்கள். 58 பேர் இறந்தார்கள். 1907ல் அந்த மாநிலம் பாய்லர் விதிகளை எழுதியது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. 1911ல் குழு அமைத்து 1914ஆம் ஆண்டுப் பதிப்பாக முதல் பாய்லர் கோடை, அதாவது விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. விதி ஒன்றாக இருந்தாலும் அதை மாநிலத்துக்கு மாநிலம் வேறு மாதிரி அமல்படுத்தினால் பயனில்லை என்று உணர்ந்த ஒஹாயோ மாநிலத் தலைமை ஆய்வாளர் கார்ல் மயர்ஸ், 1919ல் மற்ற மாநில ஆய்வாளர்களைக் கூட்டி நேஷனல் போர்டு என்ற பாய்லர் ஆய்வாளர்கள் அமைப்பை உருவாக்கினார். இன்று உலகம் முழுக்கப் பாய்லர் துறையில் புழங்கும் முத்திரைகள் பலவும் இந்த இரண்டு அமைப்புகள் கொடுப்பவை.

இந்தச் சான்றிதழ் எதைச் சோதிக்கிறது? தயாரித்து முடித்த பொருளைக் கொண்டுவந்து காட்டினால் முத்திரை குத்திக்கொடுப்பது என்று நினைத்தால் தவறு. முதலில் ஆலையைச் சோதிக்கிறார்கள். எழுதிவைத்த தரக் கையேடு இருக்க வேண்டும். கையேட்டில் எழுதியபடிதான் பட்டறையில் வேலை நடக்கிறதா என்று ஒரு மாதிரிப் பொருளைச் செய்யவைத்துப் பார்ப்பார்கள். பிளேட்டின்மேல் உருக்காலை பொறித்த ஹீட் நம்பர் (எந்த உருக்கலிலிருந்து வந்தது என்று காட்டும் எண்), பிளேட்டை வெட்டித் துண்டாக்கிய பிறகும் ஒவ்வொரு துண்டிலும் தொடர்கிறதா? எந்த வெல்டிங் முறைக்கு எந்தச் சோதனைத் துண்டை இழுத்தும் வளைத்தும் பார்த்தார்கள்? அந்த முறையில் இந்த வெல்டர் தேறியவரா? வேலையின் நடுவில் எந்தெந்த இடத்தில் நிறுத்தி, வெளியிலிருந்து வந்த ஆய்வாளர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அடுத்த படிக்குப் போனார்கள்? எக்ஸ்ரே படங்கள் எங்கே? கடைசியில், தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட். இத்தனையும் முடிந்த பிறகுதான் பெயர்ப்பலகையில் முத்திரை. பட்டறையின் சான்று 3 ஆண்டுக்குத்தான். அப்புறம் மறுபடி வந்து பார்ப்பார்கள்.

ஐ.எஸ்.ஓ. 9001 சான்றை வாசலில் மாட்டிவைத்திருக்கும் பல பட்டறைகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். அந்தச் சான்று நிர்வாக முறையைப் பற்றிச் சொல்கிறது. நல்லதுதான். குறிப்பிட்ட இந்தக் கலனை, இந்த மூட்டை, வேறொருவர் கண்ணால் பார்த்தாரா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

பழுதுபார்ப்புக்கு நேஷனல் போர்டு தரும் முத்திரையை ஆர் ஸ்டாம்ப் என்பார்கள். அதைப் பெறும் பட்டறை, தயாரிப்பாளரைப் போலவே தன் தர முறையை நிரூபித்துக் காட்ட வேண்டும். வேலை தொடங்கும் முன்பே ஆய்வாளரின் சம்மதம் வேண்டும். கலனைக் கட்டிய நாளில் எழுதிய ஆவணத்தை எடுத்து, எந்த உலோகம், எந்தக் கனம், வெல்டிங்குக்குப் பின் சூடேற்றிப் பதப்படுத்தியிருந்தார்களா என்று பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு படிவம். யார் என்ன செய்தார்கள், எந்தப் பொருளை வைத்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்பது அதில் இருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்து வெளியேற்றும் சேஃப்டி வால்வைப் பழுதுபார்ப்பவர்களுக்குத் தனி முத்திரை, வி.ஆர். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. சான்று கேட்கும் பட்டறை தான் சரிசெய்த வால்வுகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். சொன்ன அழுத்தத்தில் திறக்கிறதா, திறந்தபின் வெளியேற்ற வேண்டிய அளவை வெளியேற்றுகிறதா, சரியாக மூடிக்கொள்கிறதா என்று அங்கே உண்மையாகவே ஓட்டிப் பார்ப்பார்கள். தாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. சேஃப்டி வால்வு வாழ்நாளில் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும் பொருள். வேண்டிய ஒரே கணத்தில் அது திறக்காவிட்டால் வேறு யாரும் உதவிக்கு வர முடியாது. ஸ்பிரிங்கை மாற்றி, வால்வு உட்காரும் சீட்டைத் தேய்த்து மெருகேற்றி (லேப்பிங்), ஈய முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நல்ல வால்வும் கெட்ட வால்வும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சிகாகோவை அடுத்த ரோமியோவில் என்ற ஊரின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 1984 ஜூலை 23 அன்று நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வெல்டிங் தெரிந்தவர்கள் இன்றும் பாடமாகச் சொல்லும் விபத்து அது. வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிரித்தெடுக்கும் உயரமான கலன் ஒன்று 1970ல் ஓட்டத்துக்கு வந்தது. சுமார் 25 மில்லிமீட்டர் கனமுள்ள கார்பன் ஸ்டீல். உள்ளே இருக்கும் ரசாயனத்தால் உலோகத்துக்குள் ஹைட்ரஜன் புகுந்து சேதம் காணவே, 1974ல் கீழ்ப்பகுதியில் ஒரு வளையத்தையே வெட்டி எடுத்துவிட்டு, கலன் நின்ற இடத்திலேயே புது வளையத்தை வைத்து வெல்டிங் செய்தார்கள். தடித்த பிளேட்டில் வெல்டிங் செய்யும்போது மூட்டையொட்டிய பகுதி ஒரு நொடியில் சூடேறி, சுற்றியுள்ள குளிர்ந்த உலோகத்தால் வேகமாக ஆறிவிடும். அப்படி ஆறிய இடம் கடினமாகி, நொறுங்கும் தன்மை பெறும். மூட்டை 600 டிகிரி வாக்கில் மறுபடி சூடேற்றி, மெதுவாக ஆறவிட்டால் அந்தக் கடினம் தணியும். இங்கே அது நடக்கவில்லை. கடினமான அந்தப் பட்டையில் ஹைட்ரஜன் நுழைந்து, உள்பக்கத்திலிருந்து விரிசல்கள் வளர்ந்தன. வெளியே பெயின்ட் பளபளப்பாகத்தான் இருந்திருக்கும்.

பத்து ஆண்டு கழித்து ஒரு மாலையில் ஆபரேட்டர் ஒருவர், கிடைமட்டமான சின்ன விரிசலிலிருந்து வாயு வெளியேறுவதைக் கண்டார். வால்வை மூடப் போனபோதே விரிசல் நீண்டது. ஆலையின் தீயணைப்புப் படையினர் ஓடிவந்தார்கள். கலன் அந்த மூட்டில் இரண்டாகப் பிளந்து, மேல்பகுதி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் பறந்து விழுந்தது. 17 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் அந்தத் தீயணைப்பு வீரர்கள். உடைந்த துண்டுகளை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனம், 1974ஆம் ஆண்டு மூட்டையொட்டிய கடினமான உலோகத்தையும் ஹைட்ரஜன் விரிசல்களையும் சுட்டிக்காட்டியது. வெல்டிங் மட்டும் தெரிந்தால் போதாது, கலனுக்குள் என்ன ஓடுகிறது, எந்தச் சேதத்துக்காக வெட்டுகிறோம் என்று கேட்கத் தெரிந்தவர்தான் பழுதுபார்ப்பவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

இது பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2017 ஏப்ரல் 3, செயின்ட் லூயிஸ் நகரின் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. நீராவி அமைப்பில் இருந்த அழுத்தத் தொட்டியின் அடிப்பக்கம் 2012லேயே அரித்துக் கசிந்தது. அவசரத்தில் சரிசெய்தவர்கள் அடித்தகட்டின் நடுப்பகுதியை வெட்டி மாற்றினார்கள். ஓரத்தில் தேய்ந்து மெலிந்திருந்த பழைய வளையத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 5 ஆண்டு கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி கசிவு. திங்கட்கிழமை மெக்கானிக் வருவதாக ஏற்பாடு. அவர் வருமுன்னே, அன்று காலையில் அமைப்பை ஓட்டத் தொடங்கினார்கள். அடித்தகடு பெயர்ந்து, ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள தொட்டி கூரையைத் துளைத்து வானில் ஏறி, பக்கத்து நிறுவனத்தின் கூரைமேல் விழுந்தது. தொழிற்சாலையில் ஒருவரும், அந்தப் பக்கத்து நிறுவனத்தில் இருந்த மூவரும் இறந்தார்கள். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை குறைபாடான பழுதுபார்ப்பைச் சொன்னதோடு, நகர நிர்வாகத்தின் ஆய்வு அந்தத் தொட்டியைத் தொடவே இல்லை என்பதையும் சொன்னது. சான்று கொடுக்கும் ஏற்பாடு இருந்தும், அதன் பட்டியலில் இல்லாத கலனை அது காப்பாற்றாது.

சரி, நம் பக்கம் வருவோம். 1863ல் கல்கத்தாவில் நடந்த பாய்லர் வெடிப்புக்குப் பிறகு, 1864ல் வங்காள மாகாணம் சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாகாணங்களும் தனித்தனியாகச் சட்டம் போட்டு, ஒன்றுக்கொன்று முரண்பட்டு, கடைசியில் 1923ல் நாடு முழுமைக்கும் இந்திய பாய்லர் சட்டம் வந்தது. 1950ஆம் ஆண்டின் விதித்தொகுப்பைத்தான் தொழிலில் இருப்பவர்கள் ஐ.பி.ஆர். என்கிறார்கள். ஐ.பி.ஆர். பைப், ஐ.பி.ஆர். வால்வு என்று கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. திருச்சியில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்த பாய்லர் ஆலை 1960களில் எழுந்தபின், அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேயே அமைந்தது. இந்த மண்ணில் வெல்டிங் அறிவுக்குப் பஞ்சம் கிடையாது.

நம் விதிகளிலும் பழுதுபார்ப்பவருக்கு அங்கீகாரம் உண்டு. அழுத்தத்தை வைத்து வகுப்புப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பட்டறை 17.5 கிலோ வரை, இரண்டாம் வகுப்பு 40 கிலோ வரை, முதல் வகுப்பு 125 கிலோ வரை, அதற்கும் மேல் சிறப்பு வகுப்பு. பாய்லரின் அமைப்பை மாற்றும் எந்த வேலைக்கும் மாநில அரசின் பாய்லர் துறையின் முன் அனுமதி வேண்டும். வெல்டர்கள் தேர்வு எழுதி, சோதனைத் துண்டு வெல்டிங் செய்து சான்று பெற வேண்டும். காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு.

எனக்கு உறுத்துவது அந்த வகுப்புப் பிரிவுதான். அழுத்தம் கூடக்கூடத் தகுதி கூட வேண்டும் என்பதில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் பெரிய அனல்மின் நிலையத்தில் சொந்தப் பொறியாளர்கள், சொந்தச் சோதனைக் கருவிகள், வருடாந்திர ஷட்டவுன் திட்டம் எல்லாம் இருக்கும். 10 கிலோ பாய்லர் வைத்திருக்கும் சாய ஆலை முதலாளிக்கு, கீழ்வகுப்புப் பட்டறை சொல்வதுதான் முடிந்த முடிவு. எங்கே கண்காணிக்க வேறு ஆளில்லையோ அங்கேதான் குறைந்த தகுதி போதும் என்கிறோம். ஆர்டர் அவசரம், ஒரு நாள் நின்றால் இவ்வளவு நஷ்டம், துறைக்குத் தெரிவித்தால் நாளாகும் என்ற பேச்சில், டியூபை அடைத்துவிடுவதும் ஓட்டையின் மேல் பிளேட் வைத்து மூடுவதும் நடந்துவிடுகின்றன. விக்ஸ்பர்க் கேப்டன் சொன்னதும் இதே பேச்சுதான்.

பெரிய இடங்கள் தப்பித்தன என்றும் சொல்வதற்கில்லை. 2020ல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் அடுத்தடுத்து பாய்லர் விபத்துகள் நடந்து, ஒப்பந்தத் தொழிலாளர்களும் நிரந்தர ஊழியர்களும் உயிரிழந்தார்கள். பாய்லருக்குக் கொடுத்த சான்று, அதன் பக்கத்தில் வேலை செய்பவருக்கும் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சான்றிதழே பொய்யாகவும் இருக்கலாம். பிரான்சின் லெ க்ரூஸோ உருக்குப் பட்டறை அணு உலைகளுக்கான பெரிய பாகங்களைச் செய்த புகழ்பெற்ற இடம். 2016ல் அதன் பழைய கோப்புகளைத் தோண்டியபோது, பல பத்தாண்டுகளாகச் சுமார் 400 பாகங்களின் தர ஆவணங்களில் முறைகேடு நடந்திருந்ததாகத் தெரிந்தது. சோதனை முடிவு ஒன்று, வாங்கியவருக்குப் போன தாள் வேறொன்று. பிரெஞ்சு அணுப் பாதுகாப்பு ஆணையம் ஃபெஸன்ஹைம் இரண்டாம் உலையின் நீராவி ஜெனரேட்டருக்குக் கொடுத்திருந்த சான்றை நிறுத்திவைத்தது. அந்த உலை ஏறக்குறைய 2 ஆண்டு ஓடவில்லை. உலகிலேயே கடுமையான மேற்பார்வை உள்ள துறைகளில் ஒன்று அது. அங்கேயே தாளை மட்டும் நம்பியதால் முறைகேடு இவ்வளவு காலம் கண்ணில் படாமல் தப்பியிருக்கிறது. சான்று வாங்கும் ஆலையிலிருந்து அவ்வப்போது ஒரு துண்டை எடுத்து, தொடர்பில்லாத வேறு ஆய்வுக்கூடத்தில் இழுத்துப் பார்ப்பது ஒன்றுதான் இதற்கு வழி. வால்வுகளை அனுப்பி ஓட்டிப் பார்க்கும் முறையை நான் பாராட்டியதும் இதனால்தான்.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ல் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. தகுதியும் திறமையும் உள்ளவர்களே பழுதுபார்க்க வேண்டும் என்று அதில் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். சிறு குற்றங்கள் குற்றவியல் தண்டனையிலிருந்து விலகி அபராதத்தோடு முடிந்தாலும், அனுமதியில்லாமல் பாய்லரின் அமைப்பை மாற்றுவதும் சேஃப்டி வால்வில் கைவைப்பதும் குற்றவியல் தண்டனைக்குரியவையாகவே இருக்கின்றன. சரியான முடிவு. ஆனால் மாநில அரசு சில பகுதிகளுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கலாம் என்ற பிரிவும் இருக்கிறது. எந்தப் பகுதிக்கும், எந்தக் காரணத்துக்கும் அந்த விலக்கைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

2007ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து தனியார் ஆய்வு நிறுவனங்களும் களத்தில் இருக்கின்றன. அரசு ஆய்வாளர்கள் குறைவு, பாய்லர்கள் அதிகம் என்ற நிலையில் இது தவிர்க்க முடியாதது. சிக்கல் என்னவென்றால், சோதிக்கப்படுபவரே சோதிப்பவரைத் தேர்ந்தெடுத்து, பேரம் பேசி, பணமும் கொடுக்கிறார். கண்டிப்பானவரை அடுத்த ஆண்டு கூப்பிட மாட்டார்கள். ஹார்ட்ஃபோர்டு முறையில் ஆய்வாளரின் கையெழுத்துக்குப் பின்னால் காப்பீட்டாளரின் பணம் நின்றது. நம்மிடம் அந்தப் பிணைப்பு இல்லை. ஆய்வு நிறுவனத்தைப் பட்டறை தேர்ந்தெடுக்காமல் துறையே சுழற்சி முறையில் ஒதுக்கினாலும் பாதிச் சிக்கல் தீரும்.

அதுவரை, பாய்லர் வைத்திருப்பவர் கையில் இருக்கும் அதிகாரம் சின்னதல்ல. வேலை கொடுக்கும் முன் பட்டறையின் அங்கீகாரம் எந்த வகுப்பு, எந்தத் தேதி வரை என்று கேட்கலாம். வரப்போகும் வெல்டர் யார், அவருடைய சான்று இந்த உலோகத்துக்கும் இந்தக் கனத்துக்கும் செல்லுமா என்று கேட்கலாம். மாற்றப்போகும் பிளேட்டின் ஹீட் நம்பரும் உருக்காலைச் சான்றும் ஒத்துப்போகிறதா என்று தன் கண்ணால் பார்க்கலாம். மெலிந்த பகுதி எங்கே முடிகிறது என்று கனமானியை வைத்து அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டபிறகே வெட்டச் சொல்லலாம். செயின்ட் லூயிஸில் விடுபட்டது அந்த அளவுதான். சேஃப்டி வால்வைக் கழற்றி அனுப்பினால், திரும்பி வரும்போது எந்த அழுத்தத்தில் திறந்தது, யார் முன்னிலையில் என்ற தாளும் சேர்ந்து வர வேண்டும். வேலையின் வரைபடம், எக்ஸ்ரே முடிவு, ஹைட்ரோ டெஸ்ட் பதிவு மூன்றையும் பாய்லரின் பதிவேட்டோடு கட்டிவைக்க வேண்டும். பழைய பாய்லர்கள் நம் ஊரில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஈரோட்டில் ஓடியது விற்பனையாகி வேறு மாநிலத்துக்குப் போகும். வாங்குபவருக்குப் பாய்லரோடு அந்தக் கட்டும் போனால்தான், எந்த மூட்டு எப்போது போட்டது என்று அடுத்த வெல்டருக்குத் தெரியும்.